பல்கலைக்கழகத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட' திட்ட நிர்வாக நிறுவனமாக விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பல்கலைக்கழகத்தில் பழைய ஆய்வுக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கவேண்டும். புதிய பருவம் தொடங்க 14 வாரம்தான் இருக்கிறது. மின்கம்பி மாற்ற ஒரு நிறுவனம், குளிர்சாதனக் குழாய் போட இன்னொரு நிறுவனம், மேசை நாற்காலிக்கு வேறொரு நிறுவனம். யார் எப்போது வரணும், பணம் எங்கே போகுது, ஒருத்தர் தாமதமானா மற்றவங்க என்ன செய்யணும்? இதையெல்லாம் ஒரு கையில் பிடித்து நடத்த ஓர் ஆள் தேவை. அவர்தான் திட்ட நிர்வாகி. நாம் பேச்சில் சொல்லும் புராஜெக்ட் மேனேஜர்.

அப்படிப்பட்டவரைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சில நிறுவனங்களை முன்கூட்டியே சரிபார்த்துப் பட்டியலிட்டு வைத்துக்கொள்வதுண்டு.

நீங்களும் நண்பரும் சில ஆண்டுகள் பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகச் சிறிய நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "அந்தப் பட்டியல்ல இடம் கிடைச்சா போதும், அப்புறம் வேலை தானா வரும்" என்ற எண்ணம் இயல்பாகவே வரும்.

உண்மை அதுவல்ல. பட்டியலில் இடம் என்பது வேலைக்கான உத்தரவாதம் இல்லை. வேலை வரும்போது உங்களையும் கூப்பிட்டு விலை கேட்பதற்கான தகுதி மட்டுமே. இந்த வித்தியாசம் புரிந்தால், எப்போது விண்ணப்பிப்பது, எதை எழுதுவது, எதைக் கண்டிப்பாக எழுதக்கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

'பட்டியலில் இருப்பது' என்றால் என்ன?

மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, விற்பனையாளர் பதிவு. உங்கள் நிறுவனத்தின் பெயர், பதிவெண், வங்கிக் கணக்கு போன்றவை பல்கலைக்கழகத்தின் கொள்முதல் முறையில் ஏறும். பணம் தருவதற்கு இது தேவை. இதனால் மட்டும் உங்கள் திறமையை யாரும் அங்கீகரித்துவிட்டதாக ஆகாது.

இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட குழு. குறிப்பிட்ட ஒரு சேவைக்கு விண்ணப்பங்களை வரவழைத்து, அனுபவம், ஆட்கள், நிதிநிலை, கட்டணம் ஆகியவற்றை மதிப்பிட்டுச் சில நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இது பெரும்பாலும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

மூன்றாவது, பணி ஆணை. உண்மையான வேலை இதுதான். ஒரு திட்டம் வரும்போது, குழுவில் இருப்பவர்களிடம் விலைப்புள்ளி கேட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஆக, குழுவுக்குள் நுழைவது ஒரு போட்டி. நுழைந்தபிறகு வேலையைப் பெறுவது இன்னொரு போட்டி.

எங்கே விண்ணப்பிப்பது?

சிங்கப்பூரில் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு: சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம், சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்.

இவை அரசாங்க நிதி பெறுகின்றன. ஆனால் அமைச்சின் ஒரு பிரிவு அல்ல. எடுத்துக்காட்டாக, தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் 2006-இல் ஆணைபெற்ற கழகம் என்ற நிலையிலிருந்து நிறுவனமாக மாறின.

இது ஏன் முக்கியம்? அமைச்சுகளும் ஆணைபெற்ற கழகங்களும் ஏலக்குத்தகைகளை வெளியிடுவதற்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து ஜீபிஸ் இணையவாசல் இருக்கிறது. "அங்கே பதிவு பண்ணிட்டோம், போதும்" என்று உட்கார்ந்துவிடக்கூடாது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கொள்முதல் அலுவலகமும் சொந்த விதிமுறைகளும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகிறீர்களோ, அதன் இணையத்தளத்தில் கொள்முதல் அல்லது விற்பனையாளர் பக்கத்தை முதலில் தேடிப் படியுங்கள். ஓரிடத்தில் கிடைத்த அங்கீகாரம் இன்னோரிடத்தில் தானாகச் செல்லுபடியாகாது.

குழுவுக்கான அழைப்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்றும் எண்ணவேண்டாம். நடப்பிலுள்ள குழுவின் காலம் முடியும்போதுதான் அடுத்த வாய்ப்பு வரலாம். அடுத்த அழைப்பு எப்போது என்று கொள்முதல் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்பதில் தவறே இல்லை.

எந்த வகைத் திட்டம் உங்களுடையது?

'திட்ட நிர்வாகம்' என்ற ஒரே பெயருக்குள் பல தொழில்கள் ஒளிந்திருக்கின்றன.

- கட்டடம், புதுப்பிப்புப் பணி
- மாணவர் பதிவு, நிதி போன்றவற்றுக்கான கணினி முறைகள்
- இடமாற்றம்: ஆய்வுக்கூடம், நூலகம், அலுவலகம் ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது
- பெரிய மாநாடுகள், நிகழ்ச்சிகள்

சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோவரிலும் பலதுறைத் தொழிற்கல்லூரி வளாகங்களிலும் பிரிந்து கிடந்த கழகம், 2024-இல் பொங்கோலில் ஒரே வளாகத்துக்கு மாறியது. இப்படிப்பட்ட மாற்றத்தில் கட்டுமானம், கணினி, இடமாற்றம் எல்லாமே வரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்யவேண்டும் என்பதில்லை.

விண்ணப்பத்தில் எல்லாப் பெட்டிகளிலும் சரிக்குறி போடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கணினித் திட்டங்கள் மட்டுமே செய்தவர் கட்டடத்துக்கும் குறி போட்டால், மதிப்பிடுபவர் "இவங்களுக்கு எதுதான் நல்லா தெரியும்?" என்றுதான் யோசிப்பார்.

கட்டடத் துறையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். திட்ட நிர்வாகி வேறு, கட்டட வரைபடங்களைச் சமர்ப்பிக்கும் தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் வேறு. சட்டப்படி அவர்கள் ஏற்கவேண்டிய பொறுப்பை நீங்கள் செய்வதாக எழுதிவிடாதீர்கள்.

கையில் என்னென்ன இருக்கவேண்டும்?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பட்டியல் மாறும். ஆனாலும் பொதுவாகக் கேட்கப்படுபவை இவை:

- நிறுவனப் பதிவு. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையமான அக்ராவில் பதிந்து பெற்ற தனித்துவப் பதிவெண், அண்மைய நிறுவன விவர அறிக்கை. தனியார் நிறுவனம் தொடங்க ஆணையத்துக்குச் செலுத்தும் கட்டணம் 315 வெள்ளி: பெயருக்கு 15, பதிவுக்கு 300. தனிநபர் வணிகமாகவும் பதிந்துகொள்ளலாம், செலவும் குறைவு. ஆனால் வழக்கோ கடனோ வந்தால் அது உங்கள் சொந்தச் சேமிப்பையே தொடும். மற்றவர்களின் பெரிய திட்டங்களுக்குப் பொறுப்பேற்கும் தொழிலில் இதை யோசிக்காமல் விடக்கூடாது.

- நிதி அறிக்கைகள். திட்டத்தின் நடுவில் நீங்கள் மூழ்கிவிட மாட்டீர்கள் என்பதைக் காட்ட இவை தேவை. ஆண்டு வருமானம் 10 மில்லியன் வெள்ளிக்கு மேற்போகாதது, மொத்தச் சொத்து 10 மில்லியன் வெள்ளிக்கு மேற்போகாதது, ஊழியர்கள் 50 பேருக்கு மேற்போகாதது ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் சிறு நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. அத்தகைய நிறுவனம் எந்த அறிக்கையைத் தரவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

- காப்பீடு. தொழில்முறைத் தவற்றுக்கான காப்பீடு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஊழியர் காயத்துக்கான இழப்பீட்டுக் காப்பீடு. கடைசியாகச் சொன்னது, உடலுழைப்பு வேலை செய்யும் எல்லா ஊழியர்களுக்கும், மாதம் 2,600 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிக்கும் மற்ற ஊழியர்களுக்கும் சட்டப்படி கட்டாயம்.

- வேலையிடப் பாதுகாப்பு. கட்டுமானம் சார்ந்த வேலை என்றால் பிஸ்சேஃப் சான்றிதழ் கேட்கப்படலாம். அதில் 3-ஆம் நிலை என்பது, உங்கள் நிறுவனம் ஆபத்துகளைக் கையாளும் முறையை வெளித் தணிக்கையாளர் சரிபார்த்தபிறகு தரப்படுவது. நேற்று நினைத்து இன்று வாங்கிவிட முடியாது.

- தகவல் பாதுகாப்பு. மாணவர் விவரங்கள் உங்கள் கைக்கு வரக்கூடும். 2012-இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கவேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம். ஆனால் யாராவது ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

- பொருள், சேவை வரி நிலை. வரிக்குட்பட்ட வருமானம் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதியாத நிறுவனம் 9 விழுக்காட்டு வரியை விலையில் சேர்த்துக் கேட்கக்கூடாது. விலைப்புள்ளியில் இதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

பிஎம்பி சான்றிதழ் இருந்தே ஆகணுமா?

பல அழைப்புகளில் அது விரும்பப்படும் தகுதி, சிலவற்றில் கட்டாயம். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட திட்ட நிர்வாகக் கழகம் வழங்கும் இந்தச் சான்றிதழுக்கு, நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் காட்டவேண்டும் என்பதே நீண்டகாலமாக இருந்துவரும் விதி. பிரிட்டிஷ் அரசாங்கத்திடமிருந்து பிறந்த பிரின்ஸ்2 முறையையும் சிலர் ஏற்பார்கள்.

சான்றிதழ் கதவைத் திறக்கும். ஆனால் உள்ளே உட்காரவைப்பது நீங்கள் செய்து முடித்த வேலைதான்.

அனுபவத்தை எப்படி எழுதுவது?

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"பல பெரிய திட்டங்களை வெற்றிகரமாக நிர்வகித்த நீண்ட அனுபவம் எங்களுக்கு உண்டு."

"மூன்று மாடி அலுவலகப் புதுப்பிப்பு. செலவுத் திட்டம் 420,000 வெள்ளி, காலம் 16 வாரம். ஒன்பதாம் வாரத்தில் குளிர்சாதனப் பாகங்கள் தாமதமாயின. தரை வேலையை முன்னால் இழுத்து வரிசையை மாற்றினோம். ஒரு வாரத் தாமதத்துடன், செலவு வரம்புக்குள் முடித்தோம்."

இரண்டாவது, தாமதத்தை மறைக்கவில்லை. ஆனாலும் அதுதான் நம்பிக்கை தரும். திட்டம் என்றால் சிக்கல் வரும் என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாதா என்ன? சிக்கல் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

இன்னொரு விஷயம்: முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் நீங்கள் செய்த திட்டத்தை, உங்கள் சொந்த நிறுவனத்தின் சாதனையாக எழுதக்கூடாது. "எங்கள் இயக்குநர் முந்தைய வேலையில் ஆற்றிய பங்கு" என்று தனியாக எழுதலாம். முந்தைய முதலாளியின் ரகசிய விவரங்கள் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக்கு ஒருவர் பெயரைத் தருவதற்குமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெயரைக் கடன் வாங்கலாமா?

இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்துக்கு இதுதான் பெரிய சோதனை. விண்ணப்பத்தில் 'முக்கிய ஊழியர்கள்' பகுதி இருக்கும். மூத்த நிர்வாகி ஒருவர், பாதுகாப்பு அதிகாரி ஒருவர், செலவுக் கணக்கு பார்ப்பவர் ஒருவர் என்று கேட்பார்கள். "அண்ணே, உங்க விவரத்தை மட்டும் கொடுங்க, பேருக்குத்தான்" என்று தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கேட்கத் தோன்றும்.

வேண்டாம். அங்கே எழுதும் பெயர் ஒரு வாக்குறுதி. வேலை வந்ததும் "அவர் எங்கே?" என்று கேட்பார்கள். அவர் வேறு வேலையில் இருந்தால், முதல் கூட்டத்திலேயே உங்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். பொய்யான தகவல் தந்து ஒப்பந்தம் பெற்றால், ஒப்பந்தம் ரத்தாவதோடு சட்ட நடவடிக்கைக்கும் இடமுண்டு.

நேர்மையான வழிகள் இருக்கின்றன. அந்த மூத்தவரைத் துணை ஆலோசகராக எழுத்துபூர்வமாகச் சேர்த்து, மாதத்துக்கு எத்தனை நாள் வேலை செய்வார் என்று குறிப்பிடலாம். பெரிய நிறுவனம் ஒன்றோடு கூட்டாக விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் முதல் ஓரிரு ஆண்டுகள் குழுவில் ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தின்கீழ்த் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்து, சொந்த அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். துணை ஒப்பந்தம் தரப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்பே பாருங்கள்.

குறைந்த விலை கேட்டால் ஜெயிக்கலாமா?

எப்போதும் இல்லை. ஆலோசனைச் சேவைகளில் தரத்துக்கும் கட்டணத்துக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுக்கும் முறை சிங்கப்பூர்ப் பொதுத்துறையில் பழக்கமானது. கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். தரத்துக்கு 70, கட்டணத்துக்கு 30. குறைந்த கட்டணம் கேட்பவருக்கு முழு 30. மற்றவர்களுக்கு அந்த விகிதப்படி குறையும்.

முதல் நிறுவனம்: கட்டணம் 80,000 வெள்ளி, தரத்தில் நூற்றுக்கு 60. மொத்தம் 30 + 42 = 72.

இரண்டாம் நிறுவனம்: கட்டணம் 100,000 வெள்ளி, தரத்தில் நூற்றுக்கு 80. மொத்தம் 24 + 56 = 80.

முதல் நிறுவனம் தன் கட்டணத்தை 60,000 வெள்ளிக்கு இறக்கினால்? அதற்கு அதே 72-தான். இரண்டாவதற்கு 18 + 56 = 74. அப்போதும் இரண்டாவதுதான் முன்னிலை. 20,000 வெள்ளியை விட்டுக்கொடுத்தும் வேலை கிடைக்கவில்லை.

அதனால் அழைப்பு ஆவணத்தில் முதலில் படிக்கவேண்டியது மதிப்பெண் பங்கீடு. தரத்துக்கு எத்தனை, கட்டணத்துக்கு எத்தனை என்று தெரிந்தால் உங்கள் நேரத்தை எதில் போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் தவறுகள் வேண்டவே வேண்டாம்

பல்கலைக்கழகத்தில் உறவினரோ நெருங்கிய நண்பரோ வேலை செய்தால் மறைக்காமல் அறிவியுங்கள். அறிவித்தால் அவரை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவைப்பார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் இருவருக்குமே பாதிப்பு.

"ஒரு சாப்பாடுதானே, ஒரு பரிசுக்கூடைதானே" என்று நினைக்கவேண்டாம். சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

போட்டி நிறுவனத்தோடு பேசி "இந்த முறை நீ, அடுத்த முறை நான்" என்று விலை ஒப்பந்தம் போடுவது போட்டித்தன்மைச் சட்டத்துக்கு எதிரானது. நிறுவனத்தின் சிங்கப்பூர் வருமானத்தில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு, அபராதம் விதிக்கப்படலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய செய்திகூடச் சாட்சியாகும்.

பட்டியலில் வந்தாச்சு. அப்புறம்?

இப்போதுதான் பணத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டும். ஒரு கணக்கு: ஆறு மாதத் திட்டம், கட்டணம் 60,000 வெள்ளி. தொடக்க அறிக்கைக்கு 20 விழுக்காடு, நடுவில் 40, முடிவில் 40. ரசீது அனுப்பி 30 நாளில் பணம் வரும். உங்கள் இருவரின் சம்பளம், முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிச் சந்தா, மற்ற செலவுகள் சேர்த்து மாதம் 9,000 வெள்ளி.

தொடக்க அறிக்கை முதல் மாத முடிவில் ஏற்கப்பட்டால், 12,000 வெள்ளி இரண்டாம் மாத முடிவில் வரும். நடுக்கட்டம் மூன்றாம் மாதத்தில் முடிந்தால், அதற்கான பணம் நான்காம் மாத முடிவில் வரும். அந்தப் பணம் வருவதற்கு முந்தைய நாள் நீங்கள் செலவழித்திருப்பது 36,000. வந்திருப்பது 12,000. இடைவெளி 24,000 வெள்ளி. திட்டம் லாபமானதுதான். ஆனால் அந்த 24,000 கையில் இல்லையென்றால் நான்காம் மாதச் சம்பளமே போடமுடியாது.

கட்டுமானம் சார்ந்த திட்ட நிர்வாகச் சேவை என்றால், 2004-இன் கட்டட, கட்டுமானத் துறைக் கட்டணப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். "எனக்கு மேலேருந்து பணம் வந்தாத்தான் உனக்குத் தருவேன்" என்ற ஒப்பந்த விதி அந்தச் சட்டத்தின்கீழ்ச் செல்லாது. பெரிய நிறுவனத்தின்கீழ்த் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

கிடைக்கவில்லை என்றால்?

எந்தப் பகுதியில் குறைந்தோம் என்று பணிவாகக் கேளுங்கள். முழு விவரம் கிடைக்காமல் போகலாம். ஆனால் 'அனுபவம் போதவில்லை' என்ற ஒரு வரிகூட அடுத்த முறைக்கு உதவும். குழுவுக்கு வெளியே சிறிய வேலைகளுக்குத் தனியாக விலைப்புள்ளி கேட்கிறார்களா என்றும் விசாரியுங்கள். 15,000 வெள்ளி வேலை ஒன்றை ஒழுங்காக முடித்துப் பெற்ற பரிந்துரைக் கடிதம், அடுத்த விண்ணப்பத்தில் பல பக்க அறிமுகத்தைவிட அதிகம் பேசும்.

'சமர்ப்பி' பொத்தானை அழுத்துமுன்

உங்களையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறதா?
2. பெயர் குறிப்பிட்டிருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த மாதமே வேலைக்கு வருவார்களா?
3. நான்கு மாதம் பணம் வராமல் தாக்குப்பிடிக்க முடியுமா?
4. நாளைக்கே அழைப்பு வந்தால், இந்த விலைக்கு இந்த வேலையைச் செய்ய முடியுமா?

நான்குக்கும் 'ஆம்' என்றால், அனுப்பிவிடுங்கள். ஒன்றுக்காவது தயக்கம் வந்தால், அந்த ஒன்றைச் சரிசெய்யும் வரை பொறுத்திருங்கள். அடுத்த அழைப்பு எப்படியும் வரும். இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதுதான் கஷ்டம்.